ஏகமனதான முடிவு

நீங்கள் பொய் சொன்னீர்கள். துறைத் தலைவர் அவர்களே, அந்த விரிவுரையாளர் வேலையை அவளுக்குக் கொடுப்பதில்லை என்று தேர்வுக் குழு ஏகமனதாக முடிவெடுத்ததாக அவளிடம் சொன்னீர்கள். அந்தக் குழுவில் நானும் இருந்தேன். அவளுக்காகக் கை தூக்கினேன். என் கை உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா?

என்னை எதற்குக் குழுவில் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளையரல்லாத ஒருவர் இருக்க வேண்டும். கறுப்பின, ஆசிய ஆய்வு மாணவர்கள் யாருக்குப் பிரச்சினை வந்தாலும் என் அறைக்கு அனுப்புவதும் அதனால்தான். அவர்களுடைய மேற்பார்வையாளர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் கட்டுரை திருத்துவேன், நேர்காணலுக்குப் பழக்குவேன், டிஷ்யூ பெட்டியை நீட்டுவேன்.

அவள் எங்கள் தமிழ்ப் பிள்ளை, இந்த ஊரிலேயே பிளேஸ்டோவில் வளர்ந்தவள். முனைவர் பட்டம் முடித்து, பிரசவ விடுப்பில் போனவரின் பாடத்தை ஒரு வருடம் நடத்தினாள். அவர் திரும்பி வராமல் அந்த வேலை காலியானதும் விண்ணப்பிக்கச் சொன்னது நான். குழுவிலோ, “இன்னும் கொஞ்சம் பக்குவப்படட்டும்” என்றீர்கள்.

குழுவில் நடந்ததை வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. சொன்னால் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவீர்கள். அடுத்த முறை எங்கள் பிள்ளைகளுக்காகக் கை தூக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

போன சனிக்கிழமை, அப்டன் பார்க்கில் அவள் வார இறுதியில் வேலைக்கு நிற்கிற மரக்கறிக் கடைக்குப் போனேன்.

“டொக்டர், அக்காவுக்கு முருங்கைக்காய் நிறுத்துக் குடுங்கோ,” என்று முதலாளி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“அக்கா, நீங்களும் அந்த மேசையில இருந்தனீங்கள்தானே?”

“ஓம்.”

“எல்லாரும் ஒரே முடிவாம்.”

நான் பணப்பையைத் திறந்து காசை எண்ணினேன்.

“துறைக்குப் போட்டோ எடுக்கேக்க மட்டும் நாங்கள் ஒரு குடும்பம், என்ன?” பையை என் பக்கம் தள்ளினாள். “இனி எனக்கு ஒண்டும் திருத்தித் தர வேண்டாம். எனக்கு இந்தக் கடையே காணும்.”

திங்கட்கிழமை நீங்கள் என் கதவடியில் வந்து நின்று, “அவளைக் கொஞ்சம் சமாதானப்படுத்துங்கள், நீங்கள் சொன்னால் கேட்பாள்” என்றீர்கள். கேட்கமாட்டாள். என்னை அவள் நம்பாமல் போனது உங்கள் பொய்யால், அதற்குத் துணைபோன என் மூடிய வாயால்.

இந்தக் கடிதத்தின் நகலை அவளுக்கும் அனுப்பி, விதியை இப்போது மீறிவிட்டேன். செய்வதைச் செய்யுங்கள். ஆனால் அடுத்த துறைக் கூட்டத்துக்கு அவளையும் கூப்பிடுங்கள். மின்னஞ்சல் வேண்டாம், உங்கள் அறையில் தேநீரும் வேண்டாம். எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: அது ஏகமனதான முடிவா?