பதினாலு பாகம்

போன கிழமை ஒரு கல்யாண வீட்டில், என் மகளைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி வைத்துக்கொண்டு சித்தப்பா அந்தக் கதையைத் திரும்பவும் சொன்னார். "உங்க அம்மா போட்ட கணக்காலதான் உங்க மாமா நொண்டுறார், தெரியுமா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் கடற்கரை ஊரான உடப்பில் அப்பாவுக்கு ஒரு மீன்பிடி போட்டு இருந்தது. அவர் காய்ச்சலாய்க் கிடந்ததால் சித்தப்பாதான் அதைக் கடலுக்குக் கொண்டுபோனார். துணைக்கு என் அண்ணன். நங்கூரக் கயிறு இற்றுப்போய்விட்டது. "இருபது பாகம் வாங்கிட்டு வா" என்று அப்பா சித்தப்பாவை அனுப்ப, நானும் தொற்றிக்கொண்டேன்.

பாகம் என்பது ஓர் ஆள் இரு கைகளையும் விரித்து நிற்கும் அகலம், ஆறு அடி. "பாகமெல்லாம் எனக்குத் தெரியாது, மீட்டரில சொல்லுங்க" என்றார் கடைக்காரர். சித்தப்பாவுக்கு வாசலில் யாரோடோ கதை. "நீ படிக்கிற புள்ளதானே, சொல்லிவிடு" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

மேசையில் மீட்டர் கோல் கிடந்தது. கைகளை விரித்து அதோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றேகால் மீட்டர். இருபதால் பெருக்கி, "இருபத்தஞ்சு மீட்டர்" என்றேன். பெருக்கலில் பிழையில்லை. கைதான் ஒன்பது வயதுக் கை. முப்பத்தாறு மீட்டருக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும்.

கரைக்கு வந்ததும் சித்தப்பா, எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதுபோல, கட்டுவதற்கு முன் கயிற்றைக் கை விரித்து விரித்து அளந்தார். "பதினாலு" என்றார். கயிறு முடிந்துவிட்டது. மற்றப் போட்டுகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவர் கயிற்றை நங்கூரத்தில் கட்டி, அண்ணனை ஏற்றிக்கொண்டு போனார். பெரியவர் எண்ணியிருக்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நான் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

பின்னேரம் காற்றுக் கிளம்பியது. கயிறு குட்டையானால் நங்கூரம் நிலத்தைப் பிடிக்காது. போட்டு இழுபட்டுப்போய்க் கல்லில் அடித்தது. அண்ணனின் கால் போட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கியது.

அப்பா காய்ச்சலோடு எழும்பி வந்து, "கயிற்றுக்குக் கணக்குச் சொன்னது யார்?" என்று கேட்டார். "நான்" என்றேன். அடி விழுந்தது. அம்மாவும் தடுக்கவில்லை. இரண்டு பேரின் உயிரைப் பிடிக்கிற கயிற்றை ஒரு சின்னப் பிள்ளையின் வாய்க்கணக்கில் ஏன் வாங்கினாய் என்று அன்றும் யாரும் சித்தப்பாவைக் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. என் மகளுக்கு இப்போது அதே வயது. அவளுடைய கணக்குக் கொப்பியில் ஒரு சிவப்புக் கோடு கண்டால் அந்தக் கணக்கை நானே மூன்று தடவை போட்டுப் பார்க்கிறேன்.

அப்பா என்னை அடிக்கும்போது சித்தப்பா கதவடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கரையில் தான் எண்ணிய பதினாலை அவர் சொல்லவில்லை. எனக்காகத்தான் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். அழுது முடிந்ததும் முகத்தைக் கழுவி, அவருக்குத்தான் முதலில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.