பிரிண்ட்எஃபை நான் விட்டுக்கொடுத்த திருவிழா

மலேசியாவில், குருணில் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு, அர்ச்சனைச் சீட்டுகளுக்குப் பதில் டிவி வைக்கலாம் என்று வாயைக் கொடுத்தவள் நான்தான். பெயரும் நட்சத்திரமும் திரையில் வரும், குருக்கள் பார்த்துப் படிப்பார். தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுகிற எனக்கு இதெல்லாம் தூசு என்று நினைப்பு.

ஜாவா நிரல்மொழியில் எழுத்தைத் திரைக்கு அனுப்ப மூன்று வழிகள் தெரியும். பிரிண்ட் எல்லாவற்றையும் ஒரே வரியில் ஒட்டிவிடும். பிரிண்ட்லைன் ஒன்றைப் போட்டதும் அடுத்த வரிக்கு இறங்கும். பிரிண்ட்எஃப், ஒவ்வொன்றுக்கும் இத்தனை எழுத்து இடம் என்று பிரித்து அடுக்கும். நான் எதை எடுப்பேன்? பிரிண்ட்எஃப்தான்! ஆங்கில எழுத்தில் சோதித்தபோது, வரிக்கு இரண்டு பேராகக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல நின்றார்கள்.

திருவிழாக் காலையில் தமிழில் பெயர்களை ஏற்றி ஒத்திகை பார்த்தோம். பாழாய்ப்போனது, கொம்பையும் புள்ளியையும்கூடத் தனித்தனி எழுத்தாக எண்ணிவிட்டது. வரிசை கோணல்மாணலாகி, ஒருவருடைய நட்சத்திரம் பக்கத்துப் பெயரோடு போய் ஒட்டிக்கொண்டது. என் அக்கா மகளுக்குப் பூசம். குருக்கள் கேட்டை என்று படித்தார்.

அக்கா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். "பத்து வருசம் காத்துக் கெடந்து பெத்த புள்ள லா. இது அவளுக்கு மொத அர்ச்சன. நட்சத்திரம் மாறுச்சு, ஒன்ன சும்மா விடமாட்டேன்!"

கோயில் தலைவரும் விடவில்லை. "இன்னொரு தடவ இப்பிடிக் கெட்டு ரோசாக் ஆச்சுன்னா, டிவியத் தூக்கிக்கிட்டுப் போயிரும்மா."

பூசைக்கு அரை மணி நேரம் இருந்தது. பிரிண்ட்எஃபைச் சரிசெய்தே தீருவேன் என்று பாதி நேரத்தை மல்லுக்கட்டித் தொலைத்தேன். எல்லாம் வீண் வீம்பு. பிறகு அத்தனையையும் அழித்தேன். பிரிண்ட்லைன் மூன்று முறை: பெயர், அதன் கீழே நட்சத்திரம், அதற்கும் கீழே ஒரு வெற்று வரி. அவ்வளவுதான்! ஓட்டிப் பார்த்தபோது எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

பூசையில் குருக்கள் வெற்று வரி வந்த இடமெல்லாம் மூச்சு விட்டு நிறுத்தினார். ஒவ்வொரு பெயரும் தனியாக, நிதானமாக ஒலித்தது. அக்கா மகள் பெயர். பூசம். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மடிக்கணினியோடு நின்ற என் பக்கம் நகர்ந்து, காதோரம் சொன்னாள்:

"இன்னொரு தடவ போடு லா."

தலைவர் முறைத்தார். நான் போட்டேன்.