கவுன்சலிங் அட்டை

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். மலேசியாவில் மெர்போக் பக்கம் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். மகள் யூனிவர்சிட்டியில் கணக்கியல் படிக்கிறாள். கணக்கியல் என்று முடிவு பண்ணியது நான்தான்.

போன வருஷம் அவள் வாரா வாரம் வியாழக்கிழமை சாயந்திரமே வீட்டுக்கு வர ஆரம்பித்தாள்; எங்கள் பக்கம் வெள்ளி, சனிதான் வார லீவு. முன்பெல்லாம் மாதம் ஒரு தடவைதான். சோறு பாதி தட்டிலேயே கிடக்கும். போனைக் கவிழ்த்து வைப்பாள். கேட்டால், "ஒன்னுமில்லப்பா."

எவனோ ஒரு பையன் என்று நினைத்தேன்.

அவள் குளிக்கப் போனபோது பையைத் திறந்தேன். உள்ளே சின்ன அட்டை. மேலே மலாயில் கவுன்சலிங் என்று போட்டு, கீழே நாலு தேதி, அறை எண். மூன்று தேதிக்கு டிக் அடித்திருந்தது.

மூத்தவன் செகண்டரி படிக்கும்போது இரண்டு தடவை என்னைக் கவுன்சலிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை சிகரெட், ஒரு தடவை அடிதடி. எனக்குத் தெரிந்த கவுன்சலிங் அதுதான். மாட்டிக்கொண்டவர்கள் போகிற இடம். இவள் மூன்று தடவை மாட்டியிருக்கிறாள்.

மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் சேர்ந்து மறைக்கிறாளோ என்று இருந்தது.

அட்டையில் டிக் அடிக்காத நாலாவது தேதி திங்கட்கிழமை. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் யூனிவர்சிட்டிக்குப் போனேன். அந்த அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். கூட எவன் வருகிறான், பார்த்துவிடலாம்.

எவனும் வரவில்லை. கதவைத் திறந்து அவள் மட்டும் வந்தாள். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"பையத் தொறந்தீங்களா?"

"என்ன தப்பு பண்ண?"

"தப்பு பண்ணாத்தான் இங்க வருவாங்களா? தூக்கமே வரலப்பா. ரெண்டு பேப்பர் ஃபெயில். ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு கேக்கத்தான் நாலு தடவையா வர்றேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கா?"

"பின்ன, லெக்சரரா வூட்ல சாமான தூக்கிப் போட்டு ஒடைப்பாரு?"

அப்போதும் என் புத்தி விடவில்லை. "பையன் கியன் ஒன்னும் இல்லியே?"

"அதுக்கு எங்கப்பா நேரம் இருக்கு."

பிறகு சொன்னேன். "ஃபெயிலானா திருப்பி எழுது. இந்தப் படிப்பு வேணாம்னா வேற படி. எதுவும் முடியலன்னா வீட்டுக்கு வா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?"

"இல்ல."

"ஒங்களுக்கு?"

"இல்லலா."

நம்பவில்லை. என் முன்னாலேயே அம்மாவுக்குப் போன் போட்டாள். "அப்பா காலையில குடிச்சாராம்மா? ... இல்லியா? ... நெசமா?"

போனை வைத்துவிட்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

முதல் தடவை தானாக வந்துவிட்டது. இரண்டாவது தடவை நாக்கு லேசில் எழும்பவில்லை. சொன்னேன்.