ஞாயிற்றுக்கிழமை வராத படபடப்பு

1950களில் நான் சென்னைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். ஒருநாள் இரும்புக் கயிறு அறுந்து, தூக்கிய மரப்பெட்டி கீழே நின்றவர்களுக்கு ஓரடி தள்ளி விழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் மறுநாளிலிருந்து கிரேன் ஏணியில் கால் வைத்தாலே நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, விரல்கள் மரத்துப்போயின. இதயம் கெட்டுவிட்டது, சாகப்போகிறேன் என்றே நம்பினேன். வேலை போய்விடுமே என்று யாரிடமும் சொல்லவில்லை. விசாரித்த மனைவி பாக்கியத்திடமும் எரிந்து விழுந்தேன்.

ராயபுரத்தில் மீன் விற்கும் பாக்கியம் அதற்கெல்லாம் அசரவில்லை. என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் சோதித்துவிட்டு, “இதயம் நல்லா இருக்கே” என்றார்.

“வேலைக்குப் போற நாள்ல தான் சார் கெளம்பசொல்ல வேர்த்துக் கொட்டுது. ஞாயித்துக்கெயமைல ஒண்ணியும் வர்றதில்ல. இருதயம் லீவு எடுக்குமா? பெட்டி வியுந்த பயம் உள்ளாற குந்திகினு கீது” என்றாள் பாக்கியம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “நான் கண்டுபிடிக்க வேண்டியதை நீயே சொல்லிட்டியேம்மா. பயத்தால வர்ற நோய்தான் இது. குணமாகும்.”

மேஸ்திரியிடம் உண்மையைச் சொல்லி, சில வாரம் தரையில் வேலை பார்த்தேன். தினமும் ஏணியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் பழகி, மறுபடி கிரேன் ஓட்டினேன்.

பயந்தேன் என்று சொல்ல எனக்கு இன்று வெட்கமில்லை. பள்ளிக்கூடம் பக்கமே போகாத என் மனைவிதான் அதைக் கண்டுபிடித்தாள் என்று சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.