அக்கா கல்யாணத்துக்கு வந்த வாயில்லாப் பிளேட்டு

திருப்பதியில் வேலை பார்க்கிற என் பேரன் போன வாரம் வந்தபோது போனில் ஒரு பாட்டு வைத்தான். வெள்ளைக்காரர்களுடைய முந்நூறு வருஷத்துப் பழைய சங்கீதமாம், இப்போது யாரோ புதுசாக வாசித்துப் பதிந்திருக்கிறார்களாம். "உனுக்கு இதெல்லாம் புரியாது ஆயா" என்றான். நான் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் படித்தவள். ஆனால் இந்தச் சங்கீதத்தை எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தலில், என் கையால் கிராமபோன் பெட்டிக்குச் சாவி முடுக்கி, நாலு ஊருக்குக் கேட்க வைத்தவள். சொன்னால் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

அப்போது எனக்கு எட்டு, ஒன்பது வயசிருக்கும். ஆந்திராவைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். பாலசமுத்திரத்துப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் அங்கேயே இருப்பதா, மெட்ராஸோடு சேர்வதா என்கிற தகராறு மட்டும் ஓயவில்லை. இன்றைக்குத் தமிழ்க்காரர்கள் ஊர்வலம் போனால் நாளைக்குத் தெலுங்குக்காரர்கள் போவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அசலார் இல்லை, அத்தை மகன்தான். அத்தையை வெதுருகுப்பம் பக்கம் கொடுத்திருந்தது. அந்த வீட்டில் பேச்சு தெலுங்கு. அத்தை எங்களைத் திட்டினால் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். அதை ஒரு குறையாக யாரும் அதுவரை சொன்னதில்லை.

சித்தப்பா புத்தூரிலிருந்து மைக் செட் கொண்டுவந்து, பெரிய குழாயைத் தென்னை மரத்து உச்சியில் கட்ட வைத்தார். விடிந்ததிலிருந்து பாட்டு. மைக் செட்காரர் நல்ல மனுஷன். பெட்டிக்குச் சாவி முடுக்குகிற வேலையை எனக்குக் கொடுத்தார். கல்யாணப் பெண்ணுக்கு அடுத்தபடி நான்தான் என்கிற நினைப்பில் உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் ஊர் எல்லை மாந்தோப்புக்கு வந்தபோது குழாயில் தமிழ்ப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான். வண்டியில் வந்த இளவட்டங்கள் குதித்து இறங்கி, வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள், தெலுங்குப் பாட்டு வைத்தால்தான் ஊருக்குள் கால் வைப்போம் என்று தோப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். சித்தப்பாவும் அவர் கூட்டாளிகளும் விடுவார்களா? "எங்கூரு மரத்துல கட்டுன குழாய், எங்க பாட்டுதான் பாடும். ஓணுமின்னா அவுங்க ஊட்டு மரத்துல கட்டிக்கினு பாடட்டும்" என்றார் சித்தப்பா.

மேளக்காரர் காலையிலிருந்து வாசித்ததெல்லாம் தெலுங்குக் கீர்த்தனைதான். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நாயனத்துக்கு வார்த்தை இல்லையே. அது பந்தலோடு நின்றும் போகும். குழாய்ப் பாட்டு அப்படியா? நாலு ஊருக்குக் கேட்கும். சரி, குழாயை நிறுத்திவிட்டால் என்ன என்று பெண்ணைப் பெற்ற எங்கள் நைனா கேட்டுப் பார்த்தார். பெரிய மனுஷர்கள் பதறிவிட்டார்கள். கட்டின குழாய் முகூர்த்தத்துக்கு முன்னால் வாயை மூடினால் சாவு வீட்டுச் சகுனம் என்று அப்போது ஒரு பேச்சு. அதனால் முடிந்த தமிழ்ப் பாட்டுப் பிளேட்டையே திருப்பித் திருப்பி ஓடவிட, தோப்பில் ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது. வண்டியைத் திருப்பப் போகிறார்கள் என்று ஒரு ஆள் ஓடிவந்து சொன்னான். முகூர்த்தம் நெருங்குகிறது. அம்மா அடுப்படியில் நின்றபடியே அழுதாள். அக்கா அழவும் இல்லை. பூவோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பந்தல் வரை வந்து நின்றுபோன பெண்ணை அப்புறம் யார் கட்டுவார்கள்?

அப்போதுதான் தாய்மாமன் வந்தார். சித்தூரில் மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டரம்மா வீட்டில் அவர் சமையல். அந்தம்மாவுக்குச் சீமையிலிருந்து வந்த பார்சலைப் பாகாலா ஸ்டேஷனில் எடுத்துக்கொண்டு, கல்யாணத்தை முடித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நேரே இங்கே வந்துவிட்டார். உள்ளே புது பிளேட்டுகள். இன்னும் ஊசி படாதவை.

விஷயத்தைக் கேட்டதும் மாமன் பார்சல் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "வாணாம்டா, ஒடைஞ்சா வேல பூடும்டா."

"வேல போனா வேற வேல. இவ கல்யாணம் போனா?" என்றார் மாமன். பிளேட்டை வேட்டி முனையால் துடைத்து வைத்தார். "சாவி கொறையாம பாத்துக்கோ, குட்டி."

முதலில் ஒரு பிடில் எழுந்தது. அது சொன்னதை இன்னொரு பிடில் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிச் சொன்னது. முதலாவது நிற்காமல் வேறொன்று சொல்ல, இரண்டாவது அதையும் விடவில்லை. அடியில் ஏதோ ஒரு கம்பிப் பெட்டி, தகரத்தில் பயறு கொட்டுகிற மாதிரி கலகலவென்று கூடவே வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கிணற்றைச் சுற்றி நாங்கள் ஓடிப் பிடிக்கிற ஆட்டத்தை யாரோ பிடிலில் ஆடுகிற மாதிரி இருந்தது.

பந்தலில் பேச்சு நின்றது. தோப்பிலும் நின்றுவிட்டதாம். இரண்டு பக்கமும் காதைத் தீட்டிக்கொண்டு, குரல் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். குரல் வந்தால்தானே அது எந்தப் பாஷை என்று தெரியும். தெரிந்தால்தானே சண்டை போடலாம்!

"இன்னும் பாடலியே, யாருய்யா பாடப் போறது?" என்று ஒரு தாத்தா கேட்டார்.

"இருங்க, வருவாரு" என்றார் மாமன், முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு. ஒரு பக்கம் முடிந்ததும் பிளேட்டைத் திருப்பிப் போட்டார். அப்புறம் அடுத்த பிளேட்டு. பாடகர் வரவே இல்லை. தோப்பிலிருந்து ஒரு பையன் ஓடிவந்து, இது எந்தப் பாஷைப் பாட்டு என்று தெலுங்கில் கேட்டான். சீமையில் ராஜா வீட்டுக் கல்யாணத்துக்கு வாசிக்கிற மேளம் என்று மாமன் கூசாமல் சொன்னார். அந்தச் சேதி தோப்புக்குப் போய்ச் சேர்ந்த கையோடு வண்டிகள் அசைந்தன.

முகூர்த்தம் தப்பவில்லை. தாலி ஏறும்போதும் அந்தப் பிடில்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டுதான் இருந்தன. அம்மா ஒரு மூச்சு விட்டாள் பாருங்கள், அடுப்பு ஊதினது போல் இருந்தது. அத்தை வந்ததும் வராததுமாகச் சித்தப்பாவை இரண்டு பாஷையிலும் திட்டினாள், எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் மாமன் டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்தம்மா பிளேட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் அரிசியைத் தட்டிவிட்டு, பெண் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டார்களாம்.

ரொம்ப வருஷம், அந்தப் பிளேட்டுதான் அக்காவைக் கட்டி வைத்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். எங்கே சண்டை நடந்தாலும், ஒரு வாயில்லாப் பாட்டு வைத்தால் தீர்ந்துவிடுமே என்று தோன்றும்.

அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்த பந்தல் மேட்டிலிருந்து தோப்பு நன்றாகத் தெரியும். பிடில் எழுந்த உடனே, யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே, மாப்பிள்ளையைப் பெற்றவர், அத்தை வீட்டுக்காரர், எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். இந்தப் பக்கம் நைனா பந்தலை விட்டு இறங்கிப் பாதி வழி போய்விட்டிருந்தார். சாவி முடுக்கிக்கொண்டே இரண்டு பேரையும் பார்த்தேன். காலையிலிருந்து தங்கள் தங்கள் ஊர்க்காரர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, எழுந்து வர ஒரு சாக்குக்காகவே தவித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. ஊரே காது கொடுத்துக் கேட்ட அந்தப் பாட்டை அவர்கள் இரண்டு பேரும் கேட்கவே இல்லை.