ஆடித் தேங்காய்க்கு அனுமதி இல்லை

ஜெர்மனியில் பிள்ளை வளர்க்க முதல் தகுதி, கழிவறைக் காகிதம் தீர்ந்தபின் மிஞ்சுகிற அட்டைக் குழல். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. என் மகள் இனியாவுக்கு ஐந்து வயது. அவள் போகிற மழலையர் பள்ளியிலிருந்து மாதத்துக்கு ஒரு சீட்டு வரும்: கைவேலைக்கு வீட்டுக்குப் பன்னிரண்டு குழல் கொடுத்தனுப்பவும். மற்ற அப்பாக்கள் பை நிறையக் கொண்டுவந்து கொட்டுவார்கள். நாங்களோ சொம்பும் தண்ணீருமாக வாழ்கிற குடும்பம். பன்னிரண்டு குழலுக்கு எங்கே போவேன்? கடைசியில் ஒரு கட்டு வாங்கிவந்து, கூடத்தில் சம்மணமிட்டு, காகிதம் முழுவதையும் உருவிக் குவித்துவிட்டுக் குழலை மட்டும் எடுத்தேன். தஞ்சாவூர்க்காரியான என் மனைவி அந்த வெள்ளை மலைக்கு நடுவில் என்னைப் பார்த்துவிட்டு, "ஜெர்மனில இன்ஜினியர்னு சொல்லித்தானே எங்கப்பா கட்டிக் கொடுத்தாரு" என்று பொதுவாகச் சுவரிடம் சொன்னாள்.

அந்தக் குழல்கள் என்ன ஆயின என்பது கோடை விடுமுறைக்கு முன்பு தெரிந்தது. பள்ளியில் ஒரு சிறு புத்தகம் தயாரிக்கிறார்கள்: உலகப் பண்டிகைகள், குழந்தைகளோடு வீட்டில் செய்ய எளிய கைவேலை, எளிய சமையல். அச்சுக்குப் போகும் முன் பெற்றோர் பார்வைக்கு ஒரு படி வந்தது. துருக்கிக்கு ஒரு பக்கம், போலந்துக்கு ஒரு பக்கம், இந்தியாவுக்கு ஒரு பக்கம். இந்தியப் பக்கத்தில் குழலை வெட்டி ஒட்டிய ஒரு மயில். அதன் கீழே டப்பா மாம்பழக் கூழில் தயிரைக் கலந்து பட்டைத் தூள் தூவச் சொல்லும் குறிப்பு. பண்டிகையின் பெயர் 'இந்தியப் பண்டிகை'. அவ்வளவுதான். ஒரு துணைக்கண்டத்தை இரண்டு குழலில் முடித்துவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் மாம்பழத் தயிர் புளித்திருக்கும். நான் நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் பிறந்தவன். எங்கள் பக்கத்துப் பறவை கோழி. மயில் வந்தால் சோளக்காட்டை அழிக்கிறதென்று தகரம் தட்டி விரட்டுவோம். இதையெல்லாம் நான் கத்திக்கொண்டிருக்கும்போது இனியா கேட்டாள்:

"அப்பா, மயிலு நம்முளுது இல்லீங்களா?"

"இல்ல சாமி."

"அப்ப நம்முளுது எது?"

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இங்கே எங்கள் தீபாவளி, பட்டாசு இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. பொங்கல், பனி கொட்டும்போது குக்கரில் மூன்று விசில். ஐந்து வயதுக் கையில் பிடித்து, இது என்னுடையது என்று தோழியிடம் காட்ட நான் அவளுக்கு ஒன்றும் கொடுத்திருக்கவில்லை. அதை மறைக்கத்தான் மயில்மேல் பாய்ந்தேன் போலிருக்கிறது. ஆனாலும் பாய்வதை நிறுத்தவில்லை. மறுநாளே ஆசிரியையிடம் போனேன்.

ஃப்ராவ் லிண்ட்னர் நல்லவர். அதுதான் சிக்கல், நல்லவர்களிடம் சண்டை போடவே முடியாது.

"எங்கள் ஊரில் மயிலை விரட்டுவோம்" என்று ஜெர்மனில் தொடங்கினேன்.

அவர் முகம் வாடியது. "இனியாவுக்கு மயில் என்றால் பயமா?"

"இல்லை. எனக்குக் கோபம்."

"மயில் மீதா?"

என் ஜெர்மன், லாரிப் பாகங்களுக்கு வரைபடம் போடுகிற என் அலுவலகத்துக்குப் போதும், கோபப்படப் போதாது. மேலும் ஐந்து நிமிடம் மயிலை நான் வெறுக்கவில்லை என்று நிரூபித்தபிறகு அவர் சொன்னார்: "சரி, இந்தியப் பக்கத்தை நீங்களே எழுதித் தாருங்களேன்."

எழுதினேன். எங்கள் ஆடி ஒன்றாம் தேதியை எழுதினேன். சேலம், நாமக்கல் பக்கத்தைத் தாண்டிவிட்டால் பல தமிழர்களுக்கே இது தெரியாது. "தேங்காயச் சுடறதுக்கு ஒரு பண்டிகையா?" என்று கல்யாணமான வருடம் என் மனைவி சிரித்த சிரிப்புக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பிள்ளை வைத்திருக்கிற புலம்பெயர்ந்தோரே, நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். தேங்காயின் நாரையெல்லாம் எடுத்துவிட்டு, ஓடு வழவழவென்று ஆகும்வரை கரடான தரையில் தேய்க்க வேண்டும். இது பிள்ளைகள் வேலை, ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் இருப்பார்கள். ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொள்ள வேண்டும். வெல்லப்பொடி, ஊறவைத்த பாசிப்பருப்பு, அவல், பொட்டுக்கடலை, எள் எல்லாம் போட்டு, வடித்த தண்ணீரில் பாதியைத் திரும்ப ஊற்றி, மஞ்சள் பூசிய நீளக் குச்சியைக் கூராக்கிக் கண்ணில் செருகிவிட்டால் அடைப்புக்கு அடைப்பு, கைப்பிடிக்குக் கைப்பிடி. பிறகு நெருப்பு. வீதி நெடுக வீட்டுக்கு வீடு நெருப்பிருக்கும். ஆளுக்கொரு காயைப் பிடித்துத் திருப்பித் திருப்பி வாட்டுவோம், மணிக்கட்டு விட்டுப்போகும். ஓடு கருத்து 'டப்'பென்று விரிசல் விட்டால் வெந்தது என்று அர்த்தம். யார் காய் முதலில் வெடிக்கிறது என்பதில் அடிதடி நடக்கும். பிள்ளையாருக்கு வைத்துவிட்டு உடைத்தால், தேங்காய்ப் பருப்பில் புகை வாசமும் வெல்லமும் ஏறியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து என் பக்கம் திருத்தப்பட்டு வந்தது. நெருப்பு அடிக்கப்பட்டு ஓவன் ஆகியிருந்தது. முழுத் தேங்காய் அடிக்கப்பட்டுத் தேங்காய்த் துருவல். வெல்லம் கிடைக்காதாம், சர்க்கரை. எள் ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறதாம், நீக்கம். கூரான குச்சி ஆபத்து, பதிலுக்குக் காகித உறிஞ்சுகுழல். எல்லாம் போக மிஞ்சியது, காகிதக் கிண்ணத்தில் சர்க்கரை போட்ட துருவல். தலைப்பு: இந்தியத் தேங்காய் உருண்டை. ஓரத்தில் மயில். அது போகவே இல்லை!

பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த பக்கம் ஜெர்மனி. ஷ்டோக்ப்ரோட் என்று ஒரு பண்டம். நீளக் குச்சியின் நுனியில் ரொட்டி மாவைச் சுற்றி, மூன்று வயதிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் திறந்த நெருப்பில் பிடித்துச் சுட வேண்டும். கோடை விழாவில் அதற்காகவே நெருப்பு மூட்டுவார்கள்.

புத்தகத்தோடு ஓடினேன். "இதுவும் குச்சிதானே? இதுவும் நெருப்புதானே?"

"ஆமாம்" என்றார் ஃப்ராவ் லிண்ட்னர், நிதானமாக. "ஆனால் இது ஷ்டோக்ப்ரோட்."

அவர்கள் நெருப்பு சுடாது, நம் நெருப்பு மட்டும் சுடும். அன்றைக்கு எனக்கு ஜெர்மன் தானாக வந்தது. நான் பேசியதில் பாதி இலக்கணப் பிழை, மீதி உண்மை. அவர் முகம் சிவந்து, புத்தகத்தை வாங்கி இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "விழாவில் அதே நெருப்பில், அதே குச்சியில் செய்து காட்டுங்கள். எள் வேண்டாம். சரியாக வந்தால் உங்கள் பக்கத்தை அப்படியே போடுகிறேன்" என்றார். இனியா அதற்குள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். விழாவும் ஆடி ஒன்றை ஒட்டிய சனிக்கிழமையில் அமைந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் என் வாழ்நாளில் தேங்காய்க் கண்ணைத் திறந்ததே இல்லை. குச்சியைப் பிடித்ததும் தின்றதும்தான் என் பங்கு. பூங்காவில் ஒத்திகை பார்த்தேன். கழுத்துவரை நிரப்பிக் குச்சியை இறுக்கியதில் காய் பீரங்கியாகி, வெல்லப்பாகு என் சட்டையில் ஆடி கொண்டாடியது. ஊரிலிருக்கும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"ரொப்பிப்புட்டியா? மேல ரெண்டு வெரக்கட எடம் உடோணும் சாமி" என்றாள். பிறகு சிரித்தாள். "அங்க போயித் தேங்கா சுடறயாக்கும்! இங்கயே ஆரும் சுடறதில்ல."

"ஏனுங்க்கா?"

"பெரியவன் ஆஸ்டல்ல கெடக்கறான். ஒரு நாளு அனுப்புங்கன்னு கேட்டா, 'தேங்கா சுடறதுக்கெல்லாம் லீவுங்களா'ன்னு வார்டன் சிரிக்கறாரு. சின்னவ டியூசன் முடிச்சு வாரதுக்குள்ள பொழுது போயிருது. நான் ஒத்தக் காய கேசு அடுப்புல வாட்டி சாமிக்கு வெச்சர்றது."

அங்கே வார்டன் சிரிக்கிறார், இங்கே ஃப்ராவ் லிண்ட்னர் அடித்துத் திருத்துகிறார். ஆடித் தேங்காய்க்கு இரண்டு நாட்டிலும் விசா இல்லை. இவ்வளவு நாள் ஜெர்மனிமேல் மட்டும் கோபப்பட்டதற்காக என்மேலேயே கோபம் வந்தது.

விழா நாளன்று எட்டுக் காய் கொண்டுபோனேன். முற்றத்துக் கல்லில் பிள்ளைகள் காயைத் தேய்த்த தேய்ப்பில் அம்மாக்கள் காப்பி ஆறும்வரை நிம்மதியாகப் பேசினார்கள். வெல்லத்தை ஆசியக் கடையில் பிடித்திருந்தேன். காய்க்கு இரண்டு பேராக நெருப்பைச் சுற்றி நின்றார்கள். முதல் 'டப்' கேட்டதும் ஒரு தாத்தா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். இரண்டாவதுக்குப் பிள்ளைகள் கைதட்டினார்கள். எட்டும் வெடித்தன. உடைக்கச் சுத்தியலோடு ஃப்ராவ் லிண்ட்னரே வந்தார்.

"இருங்க, இருங்க!" என்று தமிழில் அலறிவிட்டேன். சாமிக்கு வைக்காமல் எப்படி உடைப்பது? வெல்லம் தேடினேன், குச்சிக்கு மஞ்சள் தேடினேன், பிள்ளையாரை மறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

"ஆற வேண்டுமா?" என்றார் அவர்.

"ஆமாம், ஆற வேண்டும்" என்று பொய் சொன்னேன். பிள்ளைகள் கருகிய காய்களை ஏந்தியபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இனியா என் சட்டையை இழுத்தாள். "ஏப்பா, சாமி இல்லீங்களா?" நான் தலையாட்டுவதற்குள் ஷ்டோக்ப்ரோட் மாவுச் சட்டியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, மிச்சமிருந்த மஞ்சளில் புரட்டி, கூம்பாகப் பிடித்துக் கல்மேல் வைத்தாள். உச்சியில் ஒரு புல். பிடித்து வைத்தால் பிள்ளையார்தானே! நான் காதைப் பிடித்து மூன்று தோப்புக்கரணம் போட்டேன். பிள்ளைகள் அத்தனை பேரும் போட்டார்கள். பெற்றோர் சிலர் இதைத் தேங்காய்க்கு முந்தைய உடற்பயிற்சி என்று நினைத்துச் சேர்ந்துகொண்டார்கள். காய்கள் உடைந்தன. பத்து நிமிடத்தில் ஓடுதான் மிச்சம். ஃப்ராவ் லிண்ட்னர் விரலிலிருந்த பாகை நக்கிவிட்டு, "உங்கள் பக்கம் அப்படியே வரும்" என்றார்.

நான் வெற்றி வீரனாகத் திரும்பினால் கல்மேல் பிள்ளையாரைக் காணோம். ஊரில் மஞ்சள் பிள்ளையாரைப் பூசை முடிந்ததும் தண்ணீரில் கரைப்போம். இங்கே அவர் ஒரு குச்சியின் நுனியில் சுற்றப்பட்டு நெருப்பின்மேல் இருந்தார். குச்சியின் மறுமுனையில் என் மகள். பக்கத்திலிருந்த தோழியிடம் ஜெர்மனில் விளக்கிக்கொண்டிருந்தாள்: "எங்கள் ஊரில் அப்படித்தான். முதலில் சாமியைச் செய்வோம், கும்பிடுவோம், பிறகு சுட்டுச் சாப்பிட்டுவிடுவோம். இது எங்களுடையது."

இத்தனை நாளாக ஒரு எழுத்து மாறக்கூடாது என்று சண்டை போட்டவன் நான். வாயைத் திறந்தேன். இனியா பிள்ளையாரைப் பிய்த்துத் தோழிக்கு ஒரு துண்டு கொடுத்து, எனக்கு ஒன்றை ஊட்டினாள்.

"வெந்துருச்சுங்களாப்பா?"

மேலே கருகியிருந்தது, உள்ளே இன்னும் பச்சை மாவு.

"வெந்துருச்சு சாமி" என்று விழுங்கினேன்.