அம்மாவுக்கு விட்ட இடம்

அம்மா செத்த வருஷம் என்பதால் சித்திரை வருஷப்பிறப்பைக் கொண்டாடக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். அத்தை அப்பாவின் அக்கா. மாத்தளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கிறார். பொங்கக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது, புது உடுப்பு கூடாது. ஆனால் வேன் பிடித்து நுவரெலியாவுக்குப் போய்ப் பூந்தோட்டம் பார்க்கலாமாம். வடை சுட்டால் கோபப்படுகிற சாமி, டிக்கெட் எடுத்துப் பூ பார்த்தால் கண்டுகொள்ளாது போல.

"வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடந்தா எந்தம்பிக்கும் பைத்தியம் புடிச்சிரும், ஒனக்கும் புடிச்சிரும். பூவப் பாத்தா மனசு மாறும்," என்றார்.

முந்தின சித்திரையில் அத்தை வீட்டார் போனபோது, நானும் வரட்டுமா என்று அம்மா கேட்டாள். வாய்விட்டு எதையுமே கேட்காதவள். வேனில் இடமில்லை என்றார் அத்தை. உண்மைதான். பின் சீட்டில் கேஸ் அடுப்பும் சோற்றுப் பானையும் உட்கார்ந்திருந்தன. அடுத்த மழைக்குக் காய்ச்சல் வந்து அம்மா போய்விட்டாள்.

இந்த முறை எனக்கும் அப்பாவுக்கும் அதே பின் சீட்டு. றம்பொடை வளைவுகளில் அத்தை மகள் மூன்று பை வாந்தி எடுத்தாள். தோட்டத்து வாசலில் இறங்கியதும் வாயைக் கொப்பளித்துவிட்டு லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டாள்.

உள்ளே ஊர்ப்பட்ட சனம். பூக்கள் எல்லாம் ஒரே உயரத்தில், ஸ்கூலில் காலையில் வரிசையாக நிற்கிற பிள்ளைகள் மாதிரி நின்றன. நான் எட்டாம் வகுப்போடு ஸ்கூலை விட்டவள், ஆனாலும் மோந்து பார்க்கத் தெரியும். நான் குனிந்த எதிலும் வாசம் இல்லை. வந்தவர்களில் யாரும் குனியவே இல்லை. எல்லாரும் பூவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனைப் பார்த்துச் சிரித்தார்கள். முதுகைக் காட்டவா இவ்வளவு தூரம் வந்தார்கள்?

டேலியாப் பாத்திக்கு முன்னால் அத்தை எங்களை நிறுத்தினார்.

"தம்பி, நீ அங்கிட்டு நில்லு. நடுவுல கொஞ்சம் எடம் விடுங்க."

"யாருக்கு அத்த?"

"ஒங்கம்மாவுக்குத்தான். ஸ்டூடியோவுல குடுத்தா சேத்துத் தருவாங்க. திவசத்துக்குப் பெருசா பிரேம் போட்டுறலாம். ஒன் போன்ல இருக்கே ஒண்ணு, அத எனக்கு அனுப்பிவிடு."

அடையாள அட்டைப் படத்தை விட்டால் அம்மாவுக்கு இருப்பது அந்த ஒரு படம்தான். மிளகு ஆய்ந்துவிட்டு வந்த கோலத்தில், அப்பாவின் பழைய சட்டையைப் போட்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, வெற்றிலை வாயோடு சிரிக்கிறாள். நான் எடுத்தது. சாவு வீட்டில் அத்தைக்குப் போய்க் காட்டியிருந்தேன்.

"அந்தச் சட்டையோடயா நிக்க வைக்கப் போறீங்க?"

"அதெல்லாம் மாத்திருவாங்க புள்ள. பட்டுச்சேல கட்டி, மூஞ்சக் கொஞ்சம் வெளுப்பாக்கி…"

"உசுரோட இருக்கயில எடமில்லன்னீங்க. இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

அத்தை காது கேட்காத மாதிரி சேலைத் தலைப்பைச் சரி செய்தார். அத்தை மகள்தான் சொன்னாள்: "இங்கயும் ஆரம்பிச்சாச்சா? மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு போட்டோவக் கெடுக்காதடி."

வாசலைப் பார்த்து நடந்துவிடலாம் என்று நினைத்தேன். படத்தையும் கொடுக்கக் கூடாது, அந்தப் பொய்யில் நானும் நிற்கக் கூடாது. அதற்குள் அத்தை அப்பாவை அதட்டினார்.

"என்னா தம்பி, ரொம்பத் தள்ளிப் போயிட்ட. இங்கிட்டு வா."

"இல்லக்கா. அவ பருமன். அம்புட்டு எடம் பத்தாது."

அம்மா டாய்லட் பக்கம் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்பதுபோல் சொன்னார். சாவுக்கு அப்புறம் அவளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. நான் நின்றேன். படத்தையும் அனுப்பினேன். அத்தைக்காக இல்லை. சட்டையை மாற்ற வேண்டாம், வேறு எதையும் மாற்ற வேண்டாம் என்று வொய்ஸ் மெசேஜும் போட்டேன். அதை அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

ஸ்டூடியோவிலிருந்து படம் வந்ததும் அத்தை கூப்பிட்டார், போனோம். துணிக்கடைக்கு மேலேயிருக்கும் வீட்டு ஹோலில் டிவிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. நீலப் பட்டு. மாவு பூசிய மூஞ்சி. வெற்றிலைச் சிவப்பு போய் வெள்ளைப் பல். ஸ்டூடியோக்காரன் அவளை இளைக்க வேறு வைத்திருந்தான். அதனால் அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவில் பாதி ஆள் நிற்கிற அளவு இடைவெளி, அதில் டேலியா தெரிந்தது. சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பொண்டாட்டி மாதிரி இருந்தார்கள்.

"எப்பிடி? நெசமாவே வந்து நின்ன மாதிரி இல்ல?" என்றார் அத்தை. "ஒங்களுக்கும் ஒண்ணு போட்டுத் தரவா தம்பி?"

அப்பா பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"வேணாம்க்கா. இந்தம்மா ஒங்க வீட்டுலயே இருக்கட்டும்."

அத்தைக்கு அது விளங்கவில்லை. சந்தோஷமாகத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் போனைக் கேட்டார். சட்டை போட்ட அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் ஊர் பலாபத்வலயில் இறங்கும்வரைக்கும் அவர் அதைத் திருப்பித் தரவில்லை.